அடையாறு வழக்கு: மறைஞானம், குழந்தை வளர்ப்பு, ஒரு சிறுவனின் விருப்பம்

1912 அக்டோபரில் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் ஒருவர், தம் இரு மகன்களைத் திருப்பித் தருமாறு கேட்டு நீதிமன்றம் சென்றார். அவர் பெயர் ஜித்து நாராயணய்யா. பிரதிவாதி அன்னி பெசன்ட். மூத்த மகன் பிற்காலத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்த தத்துவ அறிஞர். இளையவர் நித்யானந்தா. செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன இந்த வழக்கு, இந்தியக் காப்பாளர் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சட்ட மாணவர்கள் அதைத் தந்தையின் உரிமை பற்றிய வழக்காகப் படிக்கிறார்கள். ஆனால் அதன் அடியில் வேறொரு கேள்வி இருந்தது. ஒரு குழந்தை யார், அது முன்பே யாராகவோ இருந்த ஆன்மாவா, அதை வளர்க்கும் அதிகாரம் யாருக்கு, அதன் சொந்த விருப்பத்துக்கு எந்த வயதில் மதிப்பு என்பதே அது.

பிரம்மஞான சபையின் குழந்தைக் கொள்கை

பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882 இறுதியில் அடையாற்றில் இடம் வாங்கித் தலைமையகத்தை அங்கே அமைத்தது. இந்து, பௌத்த நூல்களிலிருந்து கர்மம், மறுபிறவி போன்ற கருத்துகளை எடுத்து, அவற்றை ஐரோப்பிய மறைஞான மரபோடு சேர்த்து உருவான தத்துவம் அது. இமயத்துக்கு அப்பால் மகாத்மாக்கள் சிலர் இருக்கிறார்கள், மனிதகுலத்தின் வளர்ச்சியை மறைவாக நடத்துபவர்கள் அவர்களே என்ற நம்பிக்கை அதன் மையத்தில் இருந்தது.

இந்தத் தத்துவத்தில் குழந்தை என்பது வெற்றுப் பலகை அல்ல. பல பிறவிகள் கடந்து வந்த ஒரு பழைய ஆன்மா, புது உடலில் குடியேறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் உடலுக்கு மேல் உணர்ச்சி உடல், மன உடல் என நுண்ணுடல்கள் உண்டு. அவற்றின் நிறங்களை ஞானதிருஷ்டி உள்ளவரால் ஒளிவட்டமாகக் காண முடியும். எனவே பிள்ளை வளர்ப்பு என்பது சோறு ஊட்டுவதும் பாடம் சொல்வதும் மட்டுமல்ல. உள்ளே இருக்கும் ஆன்மாவுக்கு ஏற்ற கருவியாக அந்த உடல்களைச் செப்பனிடும் வேலை.

விருப்பம் பற்றியும் அன்னி பெசன்ட் தெளிவான ஒரு கருத்து வைத்திருந்தார். 1904-இல் வெளிவந்த 'உணர்வுநிலை பற்றிய ஓர் ஆய்வு' என்ற நூலில் அவர் ஆசையையும் சித்தத்தையும் பிரிக்கிறார். வெளிப் பொருள்கள் இழுக்கும் திசையில் ஓடுவது ஆசை. உள்ளிருந்து தானே தன் திசையைத் தீர்மானிப்பது சித்தம். இரண்டும் ஒரே ஆற்றல்தான். முதலாவது கட்டுண்டது, இரண்டாவது விடுதலை பெற்றது. கேட்க அழகான பாகுபாடு. ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால், அது ஆசையின் குரலா, சித்தத்தின் குரலா? அதைத் தீர்மானிப்பவர் யார்? இந்தத் தத்துவப்படி, ஞானதிருஷ்டி உள்ள குரு. சிக்கல் இங்கேதான் தொடங்கியது என்று தோன்றுகிறது.

கடற்கரையில் ஒரு சிறுவன்

நாராயணய்யா மதனப்பள்ளியைச் சேர்ந்த தெலுங்குப் பிராமணர். 1880-களின் தொடக்கத்திலிருந்தே சபையின் உறுப்பினர். 1895 மே மாதம் பிறந்த எட்டாவது குழந்தைக்கு, கண்ணனைப் போல எட்டாவது என்பதால், கிருஷ்ணமூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். தாய் சஞ்சீவம்மா 1905-இல் இறந்தார். ஓய்வுபெற்ற பிறகு சிறிய ஓய்வூதியத்தில் பிள்ளைகளை வளர்க்க முடியாமல், அடையாற்றில் ஏதாவது வேலை தருமாறு நாராயணய்யா அன்னி பெசன்டுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். பையன்கள் இருந்தால் தலைமையகத்தின் அமைதி கெடும், அருகில் பள்ளியும் இல்லை என்று அவர் முதலில் மறுத்தார். பிறகு இசைந்தார். 1909 ஜனவரியில் குடும்பம் சபை வளாகத்துக்கு வெளியே, வசதிகள் இல்லாத ஒரு சிறு வீட்டில் குடியேறியது.

கிருஷ்ணமூர்த்தி மெலிந்த, நோயாளிப் பையன். மயிலாப்பூர்ப் பள்ளிக்கு நடந்து போய்வந்தான். பாடம் ஏறவில்லை, மந்தன் என்று பெயர் எடுத்தான், ஆசிரியரிடம் பிரம்படி வாங்கினான். 1909-இன் முற்பகுதியில் ஒரு மாலை, அடையாறு முகத்துவாரத்தை அடுத்த கடற்கரையில் அவனைக் கண்ட சி. டபிள்யூ. லெட்பீட்டர், தன்னலத்தின் சாயல் துளியும் இல்லாத ஒளிவட்டத்தை அவனிடம் கண்டதாகச் சொன்னார். அந்தப் பையனுக்கு வீட்டுப்பாடத்தில் உதவிவந்த எர்னஸ்ட் உட் என்பவருக்கு இது பெரும் வியப்பு. அவரும் பையனை மந்தன் என்றே நினைத்திருந்தார்.

லெட்பீட்டர் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சிறுவர்களுக்குத் தனிமையில் பாலியல் அறிவுரை வழங்கியதாக எழுந்த புகாரில் அவர் 1906-இல் சபையிலிருந்து விலகியவர். அன்னி பெசன்ட் தலைவரான பின் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அந்தப் பழைய நிழல் வழக்கு முழுவதும் தொடர்ந்தது.

கிருஷ்ணமூர்த்தியையும் தம்பியையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். தம்பியைப் பிரிந்து அவன் இருக்க மாட்டான் என்பதால் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சபையின் ஐரோப்பிய உறுப்பினர்கள் பாடம் சொன்னார்கள், முக்கியமாக ஆங்கிலம். பால், ஓட்ஸ் கஞ்சி என்று உணவு மாறியது. குளிக்கும் முறை மாறியது. சைக்கிள், டென்னிஸ், நீச்சல் எல்லாம் வந்தன. மறைஞானத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஊட்டம் இல்லாமல் அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு இவை நல்லவையே செய்தன. ஆனால் பகல் பாடம் பாதிதான். இரவில் உறங்கும் உடலை விட்டு நுண்ணுடலில் வெளியேறி மகாத்மா குதூமியிடம் பாடம் கேட்பதாகவும், காலையில் நினைவுக்கு வந்ததை எழுதுவதாகவும் சொல்லப்பட்டது. அந்தக் குறிப்புகள் 1910-இல் 'குருநாதர் திருவடிகளில்' என்ற சிறு நூலாயின. விவேகம், ஆசையின்மை, நல்லொழுக்கம், அன்பு என்ற நான்கு தகுதிகளை அது விளக்குகிறது. சொற்கள் தம்முடையவை அல்ல, குருவினுடையவை என்று முன்னுரை கூறுகிறது. ஒரு சிறுவனின் முதல் நூலே அவனுடைய சொல் அல்ல என்ற அறிவிப்போடு வந்தது.

இதே ஆண்டில் 'அல்சியோன்' என்ற விண்மீன் பெயரில் அவனுடைய முற்பிறவி வரலாறுகளை லெட்பீட்டர் சபையின் இதழில் தொடராக வெளியிட்டார். உறுப்பினர் பலர் அந்தப் பிறவிகளில் தங்களுக்கு என்ன உறவு என்று தேடினார்கள் என்பது வேடிக்கையான பக்கக்கதை. ஆனால் சிறுவனின் கோணத்தில் அது வேடிக்கையல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு அவன் யாராக இருந்தான் என்பதைப் பெரியவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். இனி யாராக ஆவான் என்பதும் முடிவாகியிருந்தது. மைத்ரேயர் என்ற உலக ஆசான் இறங்கிவந்து தங்கும் வாகனம் அவன். 1910 ஜனவரியில் இரண்டு இரவும் ஒரு பகலும் மூடிய அறையில் அவனுக்குத் தீட்சை நடந்தது. 1911-இல் அவனைத் தலைவனாகக் கொண்டு 'கீழ்த்திசை நட்சத்திர சங்கம்' தொடங்கப்பட்டது.

சிறு சம்பவம் ஒன்றைப் பிற்காலத்தில் கிருஷ்ணமூர்த்தி நினைவுகூர்ந்திருக்கிறார். பாட நேரத்தில் வாயைத் திறந்தபடி நின்றதற்காக லெட்பீட்டர் அவன் மோவாயில் அடித்தார். வாய் மூடியது. அதோடு அவர்களுடைய உறவும் முறிந்துவிட்டது.

தந்தையின் கடிதமும் வழக்கும்

1910 மார்ச் 6 அன்று நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். இரு மகன்களுக்கும் அன்னி பெசன்டைக் காப்பாளராக ஏற்பதாகவும், அவர்களின் கல்வியை அவரிடம் ஒப்படைப்பதாகவும் அது கூறியது. பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி ஆக்ஸ்போர்டில் படிக்கவைப்பது திட்டம். வறுமையில் இருந்த ஒரு தந்தைக்கு இது எத்தகைய வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நாள் ஆக ஆக அவருக்கு மனம் பொறுக்கவில்லை. சாதி ஆசாரம் போயிற்று. மகனைத் தெய்வமாக்கி அவன் காலில் பெரியவர்கள் விழுவதால் ஊர் சிரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, லெட்பீட்டரோடு பிள்ளைகள் பழகுவதை அவர் வெறுத்தார். அவரிடமிருந்து பிரித்துவைப்பதாக உறுதி பெற்றே 1912-இன் தொடக்கத்தில் பிள்ளைகளை மீண்டும் இங்கிலாந்து அழைத்துச் செல்ல ஒப்பினார். அந்த ஆண்டே சிசிலித் தீவின் தவோர்மினாவில் லெட்பீட்டர் அவர்களோடு இருந்தார். வழக்கு வந்தது.

நாராயணய்யாவுக்காக வாதாடியவர் சி. பி. இராமசாமி ஐயர். சில ஆண்டுகளில் அதே சி. பி. அன்னி பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் அவருடைய முக்கியத் துணைவரானார் என்பது சென்னை அரசியலின் விசித்திரங்களில் ஒன்று. அன்னி பெசன்ட் வழக்கறிஞர் வைக்காமல் தாமே வாதாடினார். இதற்கிடையே லெட்பீட்டரைத் தாக்கி டாக்டர் டி. எம். நாயர் தம் மருத்துவ இதழில் எழுதினார். பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரானவர் இவர். அதற்காக அன்னி பெசன்ட் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. புதுச்சேரியிலிருந்த பாரதியார் அவரைக் கேலி செய்து ஆங்கிலத்தில் 'பொன்வால் நரி' எழுதியது 1914-இல். ஒரு குடும்ப வழக்கு ஊர் வழக்காகிவிட்டது.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். தந்தை சுமத்திய மிகக் கடுமையான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆயினும் லெட்பீட்டர் தம் சாட்சியத்தில் ஒப்புக்கொண்ட கருத்துகளே அவரைச் சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவராக்குகின்றன என்றார். மனத்தில் எழும் தூய்மையற்ற எண்ணங்களைப் பார்க்கும் சக்தி தமக்கு உண்டு என்று அவர் சொல்லிக்கொள்வது, அவரை மேலும் ஆபத்தானவராக ஆக்குகிறது என்றும் நீதிபதி கருதினார். இதைக் கூர்மையான கவனிப்பு என்றே சொல்ல வேண்டும். பிள்ளையின் மனத்துக்குள் எட்டிப் பார்ப்பதாகச் சொல்பவரிடம் அந்தப் பிள்ளைக்கு மறைவிடம் ஏது? பிள்ளைகள் நீதிமன்றப் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்று அறிவித்து, மே மாத இறுதிக்குள் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இந்தத் தீர்ப்பின் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். 1875-ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டப்படி பதினெட்டு வயதில் ஒருவர் மேஜர். ஆனால் நீதிமன்றப் பொறுப்பில் உள்ள பிள்ளைக்கு அது இருபத்தொன்று. கிருஷ்ணமூர்த்திக்குப் பதினெட்டு நிறைய ஒரு மாதமே இருந்தது. தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் வாசலுக்கு வந்தவனை, அந்த உத்தரவு மூன்று ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

பிள்ளையை யார் கேட்டார்கள்?

அன்றைய சமூகத்தில் பிள்ளையைக் கேட்பது வழக்கமில்லை. இது பிராமணக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே கடற்கரையில் வடக்கே போனால் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்கள். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை அங்கே 'பாடு' முறைப்படி ஊர் பகிர்ந்துகொள்கிறது. பங்கு, தலைக்கட்டுக்கு. சோழமண்டலக் கரைக் குப்பங்களில் பொதுவாகக் கல்யாணம் ஆனவன்தான் தலைக்கட்டு; அதுவரை அவன் தகப்பன் கணக்கில் இருப்பவன். படகில் ஏறுவதா வேண்டாமா என்று சிறுவனிடம் யாரும் வாக்குக் கேட்பதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குப்பத்தில் சிறுவனுக்குக் கிடைக்கும் இடம் எல்லாருக்கும் தெரிந்த இடம். அவன் அண்ணனும் மாமனும் இருக்கிற இடம். அடையாற்றில் கிருஷ்ணமூர்த்திக்கு ஒதுக்கிய இடமோ வேறு யாருக்கும் இல்லாதது, வேறு யாராலும் சரிபார்க்க முடியாதது.

அன்னி பெசன்ட் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் தீர்ப்பு வந்தது. அது இரு தரப்புக்கும் பாதிப் பாதி சுவையானது. இந்துச் சட்டப்படி தந்தையே இயற்கைக் காப்பாளர். அந்தப் பொறுப்பு ஒரு புனித நம்பிக்கைப் பொறுப்பு போன்றது. தம் வாழ்நாளில் அதை வேறொருவருக்கு நிலையாகக் கைமாற்ற அவரால் முடியாது. வளர்ப்பையும் கல்வியையும் ஒப்படைக்கலாம், ஆனால் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். இதுவரை நாராயணய்யாவின் பக்கம். ஆனால் அந்த அனுமதியின்பேரில் பிள்ளைகளுக்குப் புதிய பிணைப்புகளும் எதிர்பார்ப்புகளும் உருவாகி, அவற்றைக் குலைப்பது பிள்ளைகளுக்கே தீங்கு என்றால், நீதிமன்றம் தந்தையையும் தடுக்கலாம். மேலும் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்க, செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை. பிள்ளைகள் சார்பில் யாரும் கீழ் நீதிமன்றங்களில் நிற்கவில்லை. அவர்களுடைய விருப்பம் அறியப்படவில்லை. அவர்கள் இந்தியா திரும்ப விரும்பாதபோது, அவர்களை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து ஒப்படைக்குமாறு அன்னி பெசன்டுக்கு உத்தரவிட முடியாது. வழக்கு தள்ளுபடி. வேண்டுமானால் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் நடந்த விவாதத்தில், பிள்ளைகளின் விருப்பம் சட்டக் கேள்வியாக எடைபெற்றது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். புத்தி தெளிந்த வயதில் உள்ள பிள்ளையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலேயே, 17-ஆம் பிரிவில், இடம் இருந்தது. சட்டம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த விருப்பமும் எவ்வளவு தூரம் அவர்களுடைய சொந்த விருப்பம் என்று கேட்கலாம். நான்கைந்து ஆண்டுகள் ஒரு நம்பிக்கைக்குள் வளர்க்கப்பட்டவர்கள், வளர்த்தவரை விட்டுப் போக மாட்டோம் என்றார்கள். அந்தக் கேள்வியை எந்த நீதிமன்றத்தாலும் தீர்த்துவைக்க முடியாது.

இதே காலத்தில் சபையின் ஜெர்மன் பிரிவுத் தலைவர் ருடால்ஃப் ஸ்டைனர், ஓர் இந்தியச் சிறுவன் உலக ஆசானின் வாகனம் என்பதை ஏற்க மறுத்துப் பிரிந்தார். 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் அவர் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளியிலும் குழந்தை மறுபிறவி எடுத்த ஆன்மாதான், ஏழாண்டுக்கு ஒரு கட்டமாக வளர்வதுதான். ஆனால் எந்தக் குழந்தையும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அல்ல. மறைஞானக் கல்வி ஒரே வழியில் போகவில்லை என்பதற்கு இது சான்று. அடையாற்றுக்கே 1939-இல் மரியா மாண்டிசோரி வந்தார். முந்நூறு பேருக்குப் பயிற்சி தந்தார். குழந்தையின் விருப்பத்தை உடைத்தால்தான் கீழ்ப்படிதல் வரும் என்பது தவறு, விருப்பம் வளர்ந்த பிறகே உண்மையான கீழ்ப்படிதல் சாத்தியம் என்பது அவர் கருத்து. அதைச் சொல்லும் அவருடைய 'ஈர்க்கும் மனம்' 1949-இல் வெளிவந்ததும் அடையாறு பிரம்மஞானப் பதிப்பகத்திலிருந்துதான்.

வாகனம் மறுத்த நாள்

ஆக்ஸ்போர்டு கிருஷ்ணமூர்த்தியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் பலமுறை தோற்றார். 1925-இல் தம்பி நித்யானந்தா காசநோயால் கலிபோர்னியாவில் இறந்தார். மகாத்மாக்கள் காப்பாற்றுவார்கள் என்று நம்பியிருந்தவருக்கு அது பேரிடி. 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமனில், அன்னி பெசன்டும் அமர்ந்திருந்த கூட்டத்தில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், நட்சத்திர சங்கத்தைக் கலைப்பதாக அறிவித்தார். எந்த அமைப்பும் உண்மைக்கு ஒருவரை இட்டுச்செல்ல முடியாது, தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். சங்கத்துக்கு வந்த சொத்துகள் கொடுத்தவர்களிடம் திரும்பின.

இதன் வித்து எங்கே இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1912-இல், வழக்கு தொடங்கிய அதே ஆண்டில், அவர் பெயரில் 'சேவையாகக் கல்வி' என்ற சிறுநூல் வெளிவந்தது. குரு நூலின் நான்கு தகுதிகளையே ஆசிரியர்களுக்கும் அது சொல்கிறது. அந்த அளவில் அது இரவல். ஆனால் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை அது கண்டிக்கும் பகுதி இரவல் இல்லை. மயிலாப்பூர்ப் பிரம்பு அங்கே தெரிகிறது. பிற்காலத்தில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி, வாரணாசியில் ராஜ்காட், சென்னை அடையாற்றில் 'தி ஸ்கூல்' என்று அவர் வழியில் அமைந்த பள்ளிகளில் தண்டனையும் பரிசும் ஒப்பீடும் கூடாது என்பது அடிப்படை. குழந்தையை எதிர்கால உருவம் ஒன்றுக்குள் திணிப்பதே வன்முறை என்று அவர் வாழ்நாள் முழுதும் பேசினார். அப்படிப் பேச அவரைவிட உரிமை உள்ளவர் அரிது.

1956-ஆம் ஆண்டின் இந்துச் சிறார் காப்பாளர் சட்டம், பிள்ளையின் நலனே முதன்மை என்று எழுதிவைத்தது. சபை வளாகத்துக்குள் கிருஷ்ணமூர்த்தி 47 ஆண்டுகள் காலடி வைக்கவில்லை. 1980 நவம்பரில், ராதா பர்னியர் சபைத் தலைவரான பின்னர், அவர் அழைப்பின்பேரில் உள்ளே வந்து மரங்களினூடே நடந்து கடற்கரைக்குச் சென்றார். அதன் பிறகு சென்னையில் இருக்கும்போதெல்லாம் மாலையில் அங்கே நடப்பது வழக்கமாயிற்று. கடைசியாக 1986 ஜனவரியில் நடந்தார். அடுத்த மாதம் 17-ஆம் தேதி கலிபோர்னியாவின் ஓஹாயில் காலமானார். அந்தக் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்புக்கு ஊரூர் ஆல்காட் குப்பம் என்று பெயர்.